ஆற்றின் ஆட்டுக்கல்

“அப்பா, இதில ஆர் உழுந்து ஆட்டினது?”

கித்துல்கலப் பக்கம், களனி கங்கையில் வந்து விழும் ஒரு சின்ன ஓடை. அதன் நடுப்பாறையில் இருந்த குழியைப் பார்த்துத்தான் மகள் கேட்டாள். கேள்வியில் பிழையில்லை. வாய் வட்டம், உள்ளே வழுவழுப்பு, அச்சாக அம்மம்மா வீட்டு ஆட்டுக்கல். கையை விட்டுத் துழாவினால் அடியில் உருண்டைக் கல்லொன்றும் அகப்பட்டது. குழவியும் இருக்கிறது!

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து விடியவே வான் வண்டியில் வெளிக்கிட்டு, அவிசாவளை தாண்டி, ஹட்டன் வீதியில் போனால் மூன்று மணித்தியாலத்துக்குள் கித்துல்கல. ஏறக்குறைய 90 கிலோமீற்றர். ஓடைவழியே நடக்க நடக்க இருபக்கப் பாறையும் நெருங்கி வந்து, வானம் ஒரு கீலமாகச் சுருங்கும். பாடப்புத்தகத்தில் மலையிடுக்கு என்று படித்தது இதைத்தான். பிள்ளைகளுக்கு அதைவிட இரத்தம் உறிஞ்சும் அட்டைதான் பெரிய அதிசயம். அது வேறு கதை.

இந்தப் பாறைக்கு வயது 500 மில்லியன் ஆண்டுக்கு மேல். பூமிக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து இறுகிய, நைஸ் (gneiss) என்ற பாறை வகை. வெறும் தண்ணீர் இதன்மேல் எவ்வளவு ஓடினாலும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. அறுப்பது தண்ணீர் தூக்கிவரும் கல்லும் மணலும். மணலில் பெரும்பகுதி குவாட்ஸ் என்ற கடினக் கனிமம்; சமையலறைக் கத்தியால் அதில் கீறல் போட முடியாது. பாறையில் சின்னப் பள்ளமோ வெடிப்போ இருந்தால் அங்கே நீர் சுழிக்கும். சுழிக்குள் அகப்பட்ட கல் வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றி அரைக்கும். குழி ஆழமாகும், கல் தேயும். தேய்ந்து முடிந்தால் அடுத்த வெள்ளம் புதுக் குழவி கொண்டுவந்து போடும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் இடைச்சுவர் உடைந்து ஒன்றாகும்போது ஓடை ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. இடுக்கின் சுவரில் தலைக்கு மேலே அரைவட்டக் குடைவுகளைக் கண்டால் அவை பழைய ஆட்டுக்கற்களின் பாதிகள். ஒருகாலத்தில் ஓடை அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது.

அடி இறங்குகிற வேகத்துக்குச் சுவர் இடிந்து விழாமல் நிற்க வேண்டும். அதனால்தான் இடுக்கு உண்டாகக் கடினப் பாறை வேண்டியிருக்கிறது. கொழும்பைச் சுற்றியுள்ள கபொக் என்ற மெதுவான செம்மண்ணில் இதே ஓடை ஓடியிருந்தால் கரை சரிந்து சரிந்து அகன்ற பள்ளம்தான் மிஞ்சியிருக்கும்.

எவ்வளவு காலம்? நம் மலைநாட்டுச் சரிவுகள் இயல்பாகத் தேய்வது ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர், கூடினால் சில பத்து மில்லிமீற்றர். விண்வெளிக் கதிர்கள் பட்டுக் குவாட்ஸ் மணிக்குள் உண்டாகும் பெரிலியம்-10 என்ற அணுவை எண்ணி இதைக் கணக்கிடுகிறார்கள். ஓடையின் அடி, சரிவைவிட வேகமாக இறங்கும் இடத்தில் இடுக்கு பிறக்கிறது.

ஆனால் இந்த வேலை நாள்தோறும் நடப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹொப்கின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கணக்குச் சொன்னார்: நீரின் வேகம் இரட்டித்தால் அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். நாங்கள் போன மாசி மாதத்தில் ஓடை மணலைக்கூட ஒழுங்காகத் தள்ளவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் மலை முழுவதும் கொட்டும் சில நாள்களில் பானையளவு கல்லெல்லாம் உருளும். குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். தலைக்கு மேலே வெயிலடிக்கும்போதே மேல்மலையில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வந்தால், சோத்துப் பார்சலை அப்படியே சுற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். இடுக்குக்குள் வெள்ளம் பக்கவாட்டில் பரவ இடமில்லை, மேலேதான் ஏறும்.

அரைபட்ட மாவு எங்கே போகிறது? நம் வீட்டுப் பக்கம்தான். களனி கங்கை கொழும்பின் வடக்கே மட்டக்குளியருகில் கடலில் சேர்கிறது. பக்கத்து ஊரின் பெயரே முகத்துவாரம். வழியில் அம்பத்தளையில் நகரத்துக்கான குடிநீரை எடுக்கிறார்கள்.

இப்போது இந்த வழியில் இரண்டு இடத்தில் கை வைத்திருக்கிறோம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனியாகிறது. முதலாவதைக் காசல்ரீ நீர்த்தேக்கமும் மற்றதை மவுஸ்ஸாக்கலையும் மறித்து நிற்கின்றன. மேல்மலையிலிருந்து வரும் கல்லும் மணலும் அணைக்குப் பின்னாலேயே படிந்துவிடும். கீழே, வந்து சேர்ந்த மணலையும் கட்டடங்களுக்காக அள்ளினோம். ஆற்றின் அடி தாழ்ந்தது. கடல் மட்டத்தைவிட அடி தாழ்ந்த ஆற்றுக்குள் உப்புநீர் தானாக ஏறும். வறட்சிக் காலத்தில் அது அம்பத்தளைவரை வந்து, தடுப்புக் கட்டித்தான் குடிநீரைக் காக்க வேண்டியிருந்தது.

மகள் அந்தக் குழவியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டாள். திரும்பக் குழிக்குள் போட வைத்தேன். வான் அவிசாவளை வரும்வரை என்னோடு கதைக்கவில்லை.