இலைக்கு மேல் நீட்டிய கை

மானிப்பாய் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பிரித்தானியாவில் கடையைத் திறந்து வைத்தே போதைத்தூள் விற்றார்களாமே. பூட்ட ஏன் அவ்வளவு காலம் எடுத்தது?"

விற்றது உண்மைதான். 'ஸ்பைஸ்' என்று காய்ந்த இலைத்தூள், மினுங்கும் பக்கற்றில். 'நறுமணப் புகைக்கு மட்டும், உட்கொள்வதற்கல்ல' என்று அச்சடித்திருக்கும். மூலிகைதானே என்று வாங்கியவர்கள் ஏராளம். ஊமத்தங்காயும் மூலிகைதான்! 2008இல் பகுப்பாய்வு செய்தபோது, இலையில் ஜேடபிள்யூஎச்-018 என்ற செயற்கை இரசாயனம் தெளிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மூளையை ஆராய அமெரிக்க இரசாயனவியலாளர் ஜோன் ஹஃப்மனின் ஆய்வுகூடத்தில் ஆக்கிய சேர்வை அது.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். கலியாணப் பந்தியை நினையுங்கள். பரிமாறுபவர் சோறு போட்டுக்கொண்டே வருகிறார். போதுமென்றால் இலைக்கு மேல் கையை நீட்டுகிறோம். நரம்புக்கலங்களிலும் இதே கதைதான். ஒரு கலம் இரசாயனச் செய்தியை அடுத்ததற்கு அனுப்புகிறது. அளவு மிஞ்சினால், வாங்கும் கலம் ஆனந்தமைட் போன்ற மூலக்கூறுகளைப் பின்னோக்கி அனுப்பும். (1992இல் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள்.) அனுப்பும் கலத்தின் மேற்பரப்பில் இப்படியான மூலக்கூறுகள் வந்து ஒட்டும் இடத்துக்கு வாங்கி என்று பெயர். அங்குள்ள சிபி1 என்ற வாங்கியில் அது ஒட்டியதும் பரிமாறல் குறைகிறது. வேலை முடிந்ததும் நொதியங்கள் அதை உடனே உடைத்துவிடும். தேவையான இலையில், தேவையான நேரத்துக்கு மட்டும் ஒரு கை.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி அழைக்காமலே பந்திக்குள் நுழைந்து எல்லா இலைக்கும் கை நீட்டும். ஆனால் அரைமனதாக: எல்லா சிபி1 வாங்கியிலும் ஒட்டினாலும் அவற்றை ஓரளவுக்கே இயக்கும். ஜேடபிள்யூஎச்-018 அப்படியல்ல, முழுமையாக இயக்கும். போதாக்குறைக்கு, தெளித்த மருந்து பக்கற்றிலுள்ள இலைத்தூள் முழுவதிலும் ஒரேயளவாகப் படியாது. ஒரே பக்கற்றில் ஒரு சிட்டிகை சும்மா இருக்கும், அடுத்தது வலிப்பில் விழுத்தும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்த மூலக்கூறின் வாலில் ஐந்து காபன். ஒன்றை வெட்டினால் ஜேடபிள்யூஎச்-073, பெயரும் வேறு, பொருளும் வேறு. சிபி1 பெயர் வாசிப்பதில்லை, இரண்டும் அதை இயக்கும். தடைப்பட்டியல் பெயரையோ மூலக்கூறின் வடிவத்தையோதான் வாசிக்கும். ஒன்றைத் தடுத்து முடிக்குமுன் அடுத்தது கடைக்கு வந்துவிடும். அதனால்தான் அயர்லாந்து 2010இலும் பிரித்தானியா 2016இலும் பட்டியலை நம்பியிராமல், மூளையைத் தூண்டுகிறதா மந்தமாக்குகிறதா என்று விளைவைப் பார்க்கும் சட்டம் கொண்டுவந்தன. மதுவுக்கும் நிக்கொட்டினுக்கும் கஃபீனுக்கும் விலக்கு. இல்லாவிட்டால் எங்கள் பிளேன்ரீயும் குற்றமாகியிருக்கும்.

கடைகள் பூட்டப்பட்டன. விற்பனை தெருவுக்கும் இணையத்துக்கும் நகர்ந்தது. வழக்கு வந்தால் பொருளின் விளைவை நிரூபிக்கவேண்டும். ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் சிபி1 போன்ற வாங்கிகளை அது இயக்குகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. ஹஃப்மனைத் திட்டுபவர்கள் கவனிக்கவேண்டும்: விற்றவர்கள் திருடிய அதே அறிவுதான் வழக்காடவும் உதவுகிறது. அந்த ஆய்வுக்குக் காசு கொடுத்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

இங்கே எங்கள் பெட்டிக்கடைகளில் இரகசியமாக விலைப்படும் மாவா என்ற மெல்லும் போதைக் கலவையில் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு. அதற்குமேல் என்ன என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. அதைச் சொல்ல ஒரு ஆய்வுகூடம் வேண்டும்.