காற்றுக்குத் திசை காட்டும் பின்னல்

பெங்களூரு அல்சூர் பக்கத்துப் பஞ்சர் கடைகளில், டயரிலிருந்து வெளியே எடுத்துக் காற்றடித்த டியூப், ரப்பர் மெலிந்த இடத்தில் புடைத்துக் கோணலாக வீங்குவதையும், அதே டியூப் டயருக்குள் போனதும் வட்டம் மாறாமல் கல்லாக இறுகுவதையும் காணலாம். அழுத்தக் காற்றால் உருமாறும் ரோபோக்களின் சூட்சுமம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அடைபட்ட காற்று எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்தும். அசைவு எந்தப் பக்கம் நிகழ வேண்டும் என்பதை, நீள மறுக்கும் உறையே தீர்மானிக்கிறது.

1950களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன், போலியோவால் பாதிக்கப்பட்ட தம் மகளுக்கு உதவ உருவாக்கிய செயற்கைத் தசையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ரப்பர்க் குழாயின்மேல், சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இழைகளால் பின்னிய உறை போர்த்தப்பட்டிருக்கும். காற்று ஏறியதும் குழாய் பருக்கிறது. இழைகள் நீளாதவை என்பதால், அது பருக்கப் பருக்க நீளம் குறைந்தே தீர வேண்டும். இழைக்கும் குழாயின் அச்சுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 54.7 பாகையை எட்டும்போது உறைக்குள் அடங்கும் கன அளவு உச்சத்தைத் தொடுவதால், சுருக்கம் அங்கே நின்றுவிடுகிறது. வியப்பு என்னவென்றால், தொடக்கத்திலேயே அதைவிட அகன்ற கோணத்தில் பின்னிய குழாய், காற்று ஏறினால் சுருங்காமல் நீளும். காற்றும் ரப்பரும் மாறவில்லை. பின்னலின் சாய்வு மட்டுமே மாறியிருக்கிறது.

மின்கம்பிகளுக்குப் போர்த்தும் பின்னல் உறையை பெங்களூருவின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. சாலையில் வாங்கி இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் செய்த முதல் தசையில் குழாய் கிழியவில்லை. முனையை இறுக்கிய கிளிப்தான் தெறித்து விழுந்தது. ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதில் இறங்க வேண்டாம்.

விசைக்குக் குறைவில்லை: 4 சதுர செ.மீ. பரப்பில் 5 பார் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் ஐந்து மடங்கு) ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தாங்கும். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. தனித்தனியாக அசைய வேண்டிய ஒவ்வொரு காற்றறைக்கும் ஒரு வால்வும் ஒரு குழாயும் வேண்டும் என்பதால், மென்மையான ரோபோ கனத்த கம்பிரசரோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது.

2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, அந்தக் கட்டை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. காற்று நிரப்பி மூடிய துணிக் குழாய்களை, மோட்டார் பொருத்திய உருளைகள் ஆங்காங்கே கிள்ளிப் பிடித்து மூட்டுகளாக்குகின்றன. உருளை குழாயின்மேல் நகரும்போது ஒரு பக்கம் குறுகி அடுத்த பக்கம் நீள்கிறது; மொத்தச் சுற்றளவும் உள்ளே இருக்கும் காற்றும் மாறாமலே, உருவம் மட்டும் மாறுகிறது.