வீடு உறிஞ்சும் வாயு

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையம். அங்கே பொறியாளராக இருந்த ஸ்டான்லி வாட்ராஸ் கதிரியக்கச் சோதனை வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அலாரம் அலறியது. நிலையத்தில் மின் உற்பத்தியே இன்னும் தொடங்கவில்லை. அப்புறம் எங்கிருந்து ஒட்டிக்கொள்கிறது? ஒருநாள் காலையில் வந்ததும் வராததுமாக, வேலைப் பகுதிக்குள் காலே வைக்காமல் அந்த வாயிலுக்குள் நுழைந்து பார்த்தார். அப்போதும் அலறியது. சட்டையில் ஒட்டியிருந்த கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து வந்திருந்தது.

வீட்டுக் காற்றை அளந்தவர்கள் கருவியில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் ஓர் அலகு). 4-ஐத் தொட்டாலே வீட்டைச் சரிசெய்யுங்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பின்னாளில் அறிவுறுத்தியது. வேறு அலகில் சொன்னால் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பெக்கரல்: ஒரு கன மீட்டர் காற்றில் நொடிக்கு ஒரு லட்சம் அணுக்கள் சிதைகின்றன. திறந்த வெளியில் இது பத்து பெக்கரலைச் சுற்றியே இருக்கும்.

அந்த வாயுவின் பெயர் ரேடான். நிறமில்லை, மணமில்லை. மண்ணிலும் பாறையிலும் கொஞ்சம் யுரேனியம் எங்கும் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. முன்னதெல்லாம் திடப்பொருள்கள், பாறையோடு கிடப்பவை. ரேடான் மட்டும் வாயு, அதனால் மண்துகள்களின் இடுக்குகள் வழியாக நகரும். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், 3.8 நாள்தான். ஒரு பாட்டிலில் அடைத்து வைத்தால் ஒரு மாதத்தில் இருநூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆனால் அதைப் பெற்றெடுக்கும் ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள். ஊற்று வற்றுவதில்லை.

சரி, மண்ணுக்குள் இருப்பது வீட்டுக்குள் எப்படி வருகிறது? வீடே அதை உறிஞ்சுகிறது. குளிர்நாட்டு வீட்டில் சூடேற்றிய காற்று மேலே எழும்பிக் கூரை இடுக்குகளில் கசிந்து வெளியேறும். அதனால் கீழ்த்தளத்திலும் நிலவறையிலும் காற்றழுத்தம் சில பாஸ்கல் குறையும். வளிமண்டல அழுத்தமே ஒரு லட்சம் பாஸ்கல் என்னும்போது இது ஒன்றுமே இல்லைதான். ஆனாலும் போதும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு இழுப்பதுபோல, தரையின் விரிசல், குழாய் நுழையும் துளை, சுவரும் தளமும் சேரும் கோடு எனக் கிடைத்த வழியிலெல்லாம் வீடு மண்காற்றை இழுக்கிறது. வாட்ராஸின் வீடு இருந்த மலைத்தொடரில் யுரேனியம் மிகுந்த பாறைகள் வேறு. அடுத்தடுத்த இரண்டு வீடுகளிலேயே அளவு பல மடங்கு மாறலாம் என்பதால் பக்கத்து வீட்டு அளவை வைத்து நம் வீட்டை எடைபோட முடியாது. சமையல் மேடை கிரானைட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலான வீடுகளில் முக்கியமான ஊற்று காலுக்குக் கீழே இருக்கும் மண்தான்.

ரேடான் எதோடும் எளிதில் சேராத மந்த வாயு. மூச்சில் போனதில் பெரும்பகுதி மூச்சிலேயே திரும்பிவிடும். தங்கிவிடுபவை அதன் பிள்ளைகள். காற்றில் சிதையும் ரேடானிலிருந்து பொலோனியம், ஈயம், பிஸ்மத் அணுக்கள் வரிசையாகப் பிறக்கின்றன. எல்லாம் உலோகங்கள். தூசியில் ஒட்டி, தூசியோடு மூச்சுக்குழாயின் ஈரச்சுவரில் படிகின்றன. பொலோனியம்-218-க்கு அரைவாழ்வு மூன்றே நிமிடம். சளியோடு வெளியேறுவதற்குள் சிதைந்து, ஆல்பா துகள் என்னும் வேகமான கதிரியக்கத் துகளை வீசிவிடும். இந்தத் துகளை ஒரு தாள் தடுத்துவிடும், தோலின் இறந்த மேலடுக்கும் தடுத்துவிடும். மூச்சுக்குழாயின் உட்பரப்பில் அப்படி ஒரு இறந்த அடுக்கு கிடையாது. துகள் ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான் பாயும். அந்தச் சின்னத் தூரத்துக்குள் உயிருள்ள செல்களின் டிஎன்ஏ இருக்கிறது.

ரேடான் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அதன் கைவரிசை தெரிந்திருந்தது. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய 'மலை நோய்' நுரையீரல் புற்று என்று 1879-இல் தெரியவந்தது. காரணம் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. வீடுகளைப் பொறுத்தவரை, 2005-இல் வெளியான ஐரோப்பியக் கூட்டாய்வு, கன மீட்டருக்கு ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்று அபாயம் சுமார் 16 சதவீதம் கூடுவதாகக் கண்டது. சதவீதம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் எதன்மீது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புகைப்பவரின் அபாயம் புகைக்காதவரைவிட ஏற்கெனவே இருபத்தைந்து மடங்கு. அதன்மீது 16 சதவீதம் என்றால் கணக்கே வேறு. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்று மரணங்களுக்கு ரேடான் காரணம் என்பது மேற்சொன்ன முகமையின் மதிப்பீடு. இதில் பெரும்பாலானோர் புகைப்பவர்கள் அல்லது முன்பு புகைத்தவர்கள்.

நம் ஊரில் ஹீட்டர் கிடையாது, சன்னலும் திறந்தே கிடக்கும். இந்த உறிஞ்சல் அவ்வளவு வேலை செய்யாது. தரைத்தள அறையை இரவும் பகலும் அடைத்து ஏசி போடுகிறவர்கள் அந்தச் சலுகையை இழக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பது பெரும்பாலும் தோரியம் என்னும் இன்னொரு கதிரியக்கத் தனிமம். அது தரும் தோரான் ரேடானுக்கு உடன்பிறப்பு, ஆயுள் மட்டும் குட்டை: அரைவாழ்வு 55 நொடி. சுவரிலிருந்து புறப்படுவதில் பெரும்பகுதி நடு அறைக்கு வருவதற்குள் முடிந்துபோகும்.

அளப்பது எளிது. கைக்கு அடக்கமான டப்பாவில் சின்னப் பிளாஸ்டிக் துண்டை வைத்து மூன்று மாதம் அறையில் விடுவார்கள். ஆல்பா துகள் பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழும். சூடான காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் தழும்புகள் குழிகளாகப் பெருகும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த வரம்பு 100 பெக்கரல், முடியாத நாடுகளுக்கு 300.

அளவு அதிகம் என்றால் வைத்தியம் பிளம்பர் வேலைதான். தளத்தில் ஒரு துளை போட்டு, அடியிலிருக்கும் சரளைக்குள் பிவிசி குழாயை இறக்கி, கூரைக்கு மேல் கொண்டுபோய், நடுவில் ஒரு விசிறி வைப்பார்கள். வீடு உறிஞ்சுவதைவிட இந்த விசிறி பலமாக உறிஞ்சும். மண்காற்று வீட்டைத் தொடாமல் வெளியே போய்விடும். வாட்ராஸ் வீட்டிலும் பல மாதம் வேலை நடந்து, அளவு 4 பிக்கோகியூரிக்குக் கீழே இறங்கியது. வீட்டைவிட்டு வெளியேறியிருந்த குடும்பம் திரும்பிவந்தது. இப்படிக் குழாய் போட்ட வீடுகளில், குழாயின் பக்கவாட்டில் 'யு' வடிவ ஒளிபுகும் குழல் ஒன்று வண்ணத் திரவத்தோடு தொங்கும். ஒரு பக்கம் திரவம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால் விசிறி இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது.