கொண்டை ஊசி வளைவில் யாருக்கு வழி?

கோடை சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறும் மலைப்பாதையில், 50 பேரை ஏற்றிய அரசுப் பேருந்தும் நான்கு பேர் அமர்ந்த கார்களும் ஒரே வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும். பேருந்து அடைக்கும் இடம் ஏறக்குறைய மூன்று கார்களுக்கு உரியது. அதில் இருப்பவர்களைக் கார்களில் ஏற்றினால் பன்னிரண்டு கார்களுக்கு மேல் தேவைப்படும். ஆனாலும் அடுத்த முறை மலைக்கு வரத் திட்டமிடும் குடும்பம் பெரும்பாலும் காரைத்தான் எடுக்கும். இதைச் சொகுசு ஆசை என்று ஒதுக்கிவிடுவது எளிது என்றாலும், பயணத் தேர்வைக் கணக்காகப் பார்க்கும் போக்குவரத்து அறிவியல், அந்தக் குடும்பம் தன்னளவில் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது என்றுதான் சொல்லும்.

ஜான் கிளென் வார்ட்ராப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1952-இல் வகுத்த கொள்கையின்படி, எந்தப் பயணியும் தன் வழியை மாற்றிக்கொண்டு நேரத்தை மிச்சப்படுத்த முடியாத கட்டத்தில்தான் சாலையில் ஒரு சமநிலை ஏற்படுகிறது. பொருளாதார அறிஞர்களான அந்தோணி டவுன்ஸும் மைக்கேல் தாம்சனும் இதே சிந்தனையைக் காருக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் இடையிலான தேர்வுக்கு விரித்தனர். நெரிசல் மிகுந்த நகரத்தில், தனித் தடத்தில் ஓடும் இரயிலோ பேருந்தோ வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரை எடுத்துக்கொள்ளும் நேரமே, காரின் பயண நேரத்துக்கும் எல்லையாக அமைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கார் அதைவிடத் தாமதமானால் சிலர் இரயிலுக்கு மாறுவார்கள், சாலை சற்று இளகும். கார் வேகமாகிவிட்டால் அவர்களே திரும்பி வந்து சாலையை நிரப்புவார்கள்.

பேருந்துக்கெனத் தனித் தடம் இருந்தால்தான் இந்த எல்லைக்கோடு செயல்படும் என்பதைக் கவனிக்க வேண்டும். பேருந்தும் காரும் ஒரே வரிசையில் நிற்கும் மலைப்பாதையில், நெரிசல் எவ்வளவு கூடினாலும் பேருந்துப் பயணம் காரைவிட விரைவாக முடியப்போவதில்லை. கார் எடுக்கும் நேரத்தோடு நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரமும் அதற்குச் சேர்ந்துகொள்கிறது. பயணிகள் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, வண்டிக்குள் கழியும் ஏறக்குறைய இரண்டு நிமிடங்களுக்குச் சமமாக உணர்கிறார்கள் என்பது இத்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் மதிப்பீடு. காரைவிட்டுப் பேருந்துக்கு மாற எந்தக் காரணமும் இல்லாத இடத்தில் வரிசை நீண்டுகொண்டே போகும். நீலகிரி மலை இரயில் தனித் தடத்தில்தான் ஓடுகிறது. ஆனால் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் வந்து சேர்ந்த அந்தப் பாதை, பற்களுள்ள தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் சில பெட்டிகளைக் கொண்டு சீசன் கூட்டத்தைச் சுமந்துவிட முடியாது.

வரிசை எப்படி வளர்கிறது என்பதையும் எண்களோடு பார்த்துவிடலாம். ஒரு குறுகிய வளைவு மணிக்கு 600 வண்டிகளை விடும் என்றும், வந்து சேர்பவை 660 என்றும் வைத்துக்கொள்வோம். அதிகம் பத்து விழுக்காடுதான். ஆனால் மூன்று மணி நேரத்தில் 180 வண்டிகள் தேங்கிவிடும், வரிசை ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும், கடைசியில் நிற்பவர் 18 நிமிடம் காத்திருப்பார். இப்படிப்பட்ட குறுகல்களின் கணிதத்தை வில்லியம் விக்ரி 1969-இல் வகுத்தார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கு 1996-இல் கிடைத்தது. சாலை முழுவதும் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயண நேரத்தைத் தீர்மானிப்பது அதன் மிகக் குறுகிய இடமே என்பது இங்கே முக்கியம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த, வெளியூர் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி பெறும் இ-பாஸ் முறையை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் அந்த வரம்பு இல்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது நாளைக் கணக்கிடுகிறதே தவிர மணியைக் கணக்கிடுவதில்லை. அனுமதி பெற்றவர்களில் பெரும்பகுதியினர் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே மலையடிவாரத்திலுள்ள கல்லாற்றில் வந்து குவிந்தால், அன்றைய மொத்த எண்ணிக்கை வரம்புக்குள் இருந்தாலும் வளைவுகள் அடைத்துக்கொள்ளத்தான் செய்யும்.

வளைவு அடைத்துக்கொள்வதற்கு வண்டிகளின் எண்ணிக்கை ஒரு காரணம், ஓட்டுநர்களின் பொறுமையின்மை இன்னொரு காரணம். நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை, வளைவின் உட்புறமாக ஒதுங்கி வரும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 5 மீட்டர் உள்ள பேருந்து, 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால் இந்த ஒதுக்கம் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். சக்கரத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப் பகுதியோ அதே நேரத்தில் வெளிப்புறமாகச் சாலையைத் துழாவிக்கொண்டு போகும். அதனால்தான் கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டியிருக்கிறது. சமவெளியிலிருந்து வரும் ஓட்டுநர் ஒருவர், தேங்கிய வரிசையின் வலப்புறத்தில் காலியாகத் தெரியும் இறங்குபாதையில் புகுந்து முன்னேறி, சரியாக வளைவின் வாயில் போய் நின்றுவிட்டால், இறங்கி வரும் பேருந்தால் திரும்ப முடியாது, ஏறும் வரிசையாலும் நகர முடியாது. கண்டக்டர் விசிலோடு இறங்கி, "சார், ரெண்டடி பின்னால எடுங்க, வண்டி திரும்பட்டும்" என்று கெஞ்சுவார். பின்னால் எடுக்க இடமிருக்காது, ஏனென்றால் முதலாமவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் அதே வழியில் வந்து ஒட்டி நிற்பார்கள். மேடேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை விதி, யாரும் நகர முடியாத இந்த முடிச்சில் பயன்படுவதில்லை.

நகரங்களில் பேருந்துத் தடத்துக்குள் கார்கள் நுழைவதும் இதே கண்மயக்கத்தால்தான். நிமிடத்துக்கு ஒரு பேருந்து போகும் தடம், ஓரத்தில் நிற்பவருக்குப் பெரும்பாலான நேரம் வெறிச்சோடியே தெரியும். பேருந்துக்கு 50 பேர் என்றால் அது மணிக்கு 3,000 பேரைச் சுமக்கிறது. கார்கள் நெருக்கியடித்துப் போகும் பக்கத்துத் தடம் அதில் பாதியைச் சுமந்தாலே அதிகம். தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-இல் திறக்கப்பட்ட 5.8 கிலோமீட்டர் பேருந்துத் தடத்தை இந்தத் தோற்றம் மிகவும் பாதித்தது. கார்களும் இருசக்கர வண்டிகளும் அதில் ஓயாமல் நுழைந்தன. பிற வண்டிகளையும் தடத்தில் விட வேண்டும் என்று கோரிய மனுவை உயர் நீதிமன்றம் 2012-இல் தள்ளுபடி செய்தும்கூட, 2016-இல் அந்தத் தடத்தை அகற்றும் பணி தொடங்கிவிட்டது.

அபராதத்தை உயர்த்தினால் இது நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தொகையின் பெருமையைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற உறுதிதான் மனிதரைத் தடுக்கிறது என்பது குற்றத் தடுப்பு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை. இந்த ஒரு விஷயத்தில் மலைப்பாதைக்கு நகரத்தைவிட வசதி அதிகம்: கல்லாற்றில் ஏறிய கார் இடையில் கிளைத்தெருவில் நழுவிவிட முடியாது, பர்லியாரையும் காட்டேரியையும் கடந்து குன்னூருக்கு வந்தே ஆக வேண்டும், அதன் எண் ஏற்கெனவே இ-பாஸில் பதிவாகியிருக்கிறது. முக்கியமான சில வளைவுகளில் கேமராக்கள் இருந்தாலே போதும்.

பாறைக்கும் பள்ளத்துக்கும் இடையே ஓடும் இருவழிச் சாலையில் பேருந்துக்கெனத் தனித் தடம் போட இடமேது என்று கேட்கலாம். முழு நீளத்துக்கும் தடம் தேவையில்லை. வரிசை தேங்கும் இடத்தில் பேருந்தை முன்னால் விட்டால் போதும். கல்லாறு சோதனைச் சாவடியில் அனுமதியைச் சரிபார்ப்பதற்காகக் கார்கள் நிற்கும் சமதளப் பகுதியில், சில நூறு மீட்டருக்குப் பேருந்துக்கு மட்டும் ஒரு தடம் ஒதுக்கி, அதற்கப்பால் மேலே ஏறும் கார்களின் வரத்தை வளைவு தாங்கும் அளவுக்கு அங்கேயே கட்டுப்படுத்தினால், காத்திருப்பு மலைமேல் நடக்காமல் அடிவாரத்தில் நடக்கும். முன்பு சொன்ன 180 கார்களின் வரிசையை ஒரு பேருந்து இப்படிக் கடந்தால், அதிலுள்ள 50 பேருக்கும் ஆளுக்கு 18 நிமிடமாக மொத்தம் 900 நிமிடம் மிச்சமாகும். மூன்று கார்களின் இடத்தைப் பேருந்து எடுத்துக்கொள்வதால் ஒவ்வொரு காருக்கும் 18 விநாடி தாமதம். காருக்கு நால்வர் வீதம் 720 பேரின் இழப்பைக் கூட்டினால் 216 நிமிடம்தான் வரும்.

இலாபம் அந்த 50 பேரோடு நின்றுவிடுவதும் இல்லை. போய்த் திரும்ப 5 மணி நேரம் ஆகும் தடத்தில் பத்துப் பேருந்துகள் ஓடினால் அரை மணிக்கு ஒன்று கிடைக்கும். நெரிசலால் அது ஏழரை மணி நேரமானால், அதே பத்துப் பேருந்துகளுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். புதிய பேருந்து வாங்காமலே, டிரைவர்களைக் கூட்டாமலே, வரிசையைக் கடந்துபோக விடுவதால் மட்டும் நடைகளின் எண்ணிக்கை உயரும். நடைகள் கூடக் காத்திருப்பு குறைந்து, ஆட்கள் சேர்ந்து, மேலும் நடைகளுக்குத் தேவை எழும். பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் விளக்கிய இந்தச் சங்கிலி எதிர்த்திசையிலும் இயங்கும் என்பதற்கு, சீசன் நாளில் குன்னூர் போகக் கேத்தியிலோ அருவங்காட்டிலோ பேருந்துக்குக் காத்திருக்கும் உள்ளூர்வாசிகளே சாட்சி. காரில்லாத அவர்கள்தான், வெளியூர்க் கார்களின் நெரிசலுக்குத் தங்கள் நேரத்தைக் கட்டணமாகக் கட்டுகிறார்கள்.

சீசனில் காவல்துறை வழக்கமாகக் கொண்டுவரும் ஒருவழி ஏற்பாடு, அதாவது ஏறுபவர்கள் குன்னூர் வழியாகவும் இறங்குபவர்கள் கோத்தகிரி வழியாகவும் போவது, வளைவுகளில் எதிரெதிர் மோதலை நீக்குகிறது. ஆனால் கார் வரிசைக்குள் சிக்கிய பேருந்து சிக்கியபடியேதான் இருக்கும். உதகைக்குள் வந்த பிறகு தொட்டபெட்டாவுக்கும் பைக்காராவுக்கும் போகக் காரில்லாமல் முடியாது என்ற எண்ணமும் குடும்பங்களைக் காரை நோக்கித் தள்ளுகிறது. சுற்றுலா இடங்களை இணைக்கும் சுற்றுப் பேருந்துகள் அடிக்கடி வந்தால் ஒழிய அது மாறாது.

கொடைக்கானலில் இதே முறையை அப்படியே பொருத்த முடியாது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியருகே, படம் எடுக்க நிறுத்திய கார்கள் சாலையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, நகராட்சிச் சுங்கச்சாவடியின் வரிசையும் அங்கேயே வந்து சேர்கிறது. பேருந்து முந்திச் செல்வதற்கான இடத்தை நிறுத்திய கார்களே அடைத்திருப்பதால், அங்கே முதல் வேலை அருவிக்கு முன்னும் பின்னும் சாலையோர நிறுத்தத்தைத் தடை செய்வதும், கட்டண வசூலை இ-பாஸோடு சேர்த்து அடிவாரத்திலேயே முடித்துவிடுவதுமாகத்தான் இருக்க முடியும்.