ரொமான்டசி: மாயக் காதலா, மாயவுலகக் காதலா?

காதல் கதையும் மந்திர உலகமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிய முடியாதபடி பின்னிக் கிடக்கும் புதின வகைக்கு ரொமான்டசி என்று பெயர். ரொமான்ஸ், ஃபேன்டசி என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியது. 2020களில் டிக்டாக்கில் புத்தகம் பற்றிப் பேசும் புக்டாக் வாசகர்கள் வழியாகப் பரவி, 2024இல் ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் ஆண்டுச் சொல் தேர்வில் இறுதிப் பட்டியல் வரை போனது. அந்த ஆண்டு வென்ற சொல் ‘பிரெய்ன் ராட்’, அதாவது மூளை மழுங்கல். இரண்டுக்கும் யாரும் முடிச்சுப் போட வேண்டாம்.

சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைப் புத்தகக் கடைகளில் இவ்வகை நூல்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். தாள்களின் ஓரத்தில் வண்ணம் பூசியிருக்கும், அட்டையில் வாளும் முள்கொடியும் இருக்கும், திறந்தால் முதலில் ஒரு வரைபடம். இவற்றை விரும்பிப் படிப்பவள்தான் நான். ஆனால் வரைபடம் போட்டதெல்லாம் ரொமான்டசி ஆகிவிடாது. காதலை உருவி எடுத்தால் கதை சரிய வேண்டும், மந்திரத்தை உருவி எடுத்தாலும் சரிய வேண்டும். பல நூல்கள் இந்த இரண்டாவது இடத்தில்தான் வழுக்குகின்றன. நாயகனுக்கு வயது ஐந்நூறு என்பார்கள். அவன் பொறாமைப்படுவதைப் பார்த்தால் பாலிடெக்னிக் முதலாண்டுப் பையன் மாதிரி இருக்கும். ஐந்நூறு ஆண்டு வாழ்ந்த ஒருவன் எப்படிக் காதலிப்பான், எதற்கு அஞ்சுவான் என்று யோசிக்காமல் இறக்கையை மட்டும் மாட்டிவிட்டால் அது வெறும் மாறுவேடம்.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். ரொமான்ஸ் என்பதற்கு முதலில் காதல் என்ற பொருளே கிடையாது. உரோமானியர் பேசும் விதத்தில் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அது பழைய பிரெஞ்சு மொழிக்கு வந்தது. படித்தவர்களின் லத்தீன் ஒரு பக்கம், மக்களின் பேச்சுமொழி மறுபக்கம். அந்தப் பேச்சுமொழிக்குத்தான் அந்தப் பெயர். பிறகு அதில் எழுதிய கதைகளுக்கும் அதுவே பெயரானது. 12ஆம் நூற்றாண்டில் அப்படி எழுதப்பட்ட வீரர் கதைகளில் சூனியமும் விசித்திர விலங்குகளும் எட்டாத காதலும் சேர்ந்தே இருந்தன. போகப் போக மற்றதெல்லாம் உதிர்ந்து, காதல் மட்டும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டது. ஃபேன்டசி கிரேக்கத்திலிருந்து வந்தது. மனக்கண் முன் தோன்றச் செய்வது என்பது அதன் வேர்ப்பொருள். ஆக, ஆங்கிலம் தானே உதறிய மந்திரத்தை இப்போது பசை போட்டு மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கம் இவை இரண்டும் பிரியாமல் இருந்ததற்குச் சீவக சிந்தாமணி ஒன்றே போதும். மணநூல் என்றே அதற்கு இன்னொரு பெயர். கருவுற்ற அரசி விசயை மயிற்பொறியில் ஏறிப் பறந்து தப்பிக்கிறாள், அது சுடுகாட்டில் இறங்குகிறது, அங்கே சீவகன் பிறக்கிறான். இது தொடக்கம் மட்டும்தான். ரொமான்டசி வாசகர்கள் உயிரை விடும் ‘எதிரி காதலனாவது’ என்ற சூத்திரத்துக்குச் சுரமஞ்சரி கதையைக் காட்டுவேன். சுரமஞ்சரிக்கும் குணமாலைக்கும் யார் இடித்த வாசனைச் சுண்ணப்பொடி சிறந்தது என்று போட்டி. சீவகன் இரண்டையும் வானில் தூவுகிறான். குணமாலையின் பொடியை வண்டுகள் வந்து மொய்க்கின்றன. தோற்ற சுரமஞ்சரி, இனி ஆண்களையே பார்ப்பதில்லை என்று மாடத்துக்குள் அடைந்துகொள்கிறாள். சீவகனோ சுதஞ்சணன் என்ற தேவன் கற்பித்த மந்திரத்தால் கிழவனாக உருமாறி அந்த மாடத்துக்குள் நுழைகிறான். கிழவன் பாடுகிறான், அந்தக் குரல் அவளுக்குச் சீவகனை நினைவூட்டுகிறது. இங்கே மந்திரத்தை எடுத்துவிட்டால் காதல் ஓர் அடிகூட நகராது. என் இரண்டாவது சோதனையில் இதை எழுதிய திருத்தக்கதேவர் சுலபமாகத் தேறிவிடுகிறார். இறுதியில் சீவகன் துறவு பூணுவதை இன்றைய ரசிகைகள் மன்னிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் இதைத் தமிழில் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் பேச வேண்டிய கட்டாயம் சிங்கப்பூரில் நிறையவே உண்டு. தமிழ் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும்போது என் அக்கா மகள், “சித்தி, எனக்குப் பிடிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசணும். மாயக் காதல் கதைன்னு சொல்லலாமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மாயத்துக்கு வஞ்சனை என்ற பொருள் தமிழில் ஆழமாக ஊறியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி பாடிய கானல்வரியைத் தவறாகப் புரிந்துகொண்ட கோவலன் அவளை ‘மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள்’ என்றுதான் எண்ணிப் பிரிகிறான். மாயக் காதல் என்றால் ஏமாற்றுக் காதல் என்றே காதில் விழும். கற்பனைக் காதல் அதைவிட மோசம், ஒருதலைக் காதலாகிவிடும்.

ஃபேன்டசிக்குத் தமிழ் விக்கிப்பீடியா கனவுருப்புனைவு என்கிறது. கண்முன் தோன்றுவது என்ற கிரேக்க வேருக்கு அதிலுள்ள ‘உரு’ அழகாகப் பொருந்துகிறது, ஆனால் வாய்க்குள் நுழையச் சற்றுச் சிரமப்படுகிறது. இலக்கியம் பேசுபவர்கள் வழங்கும் மிகுபுனைவு எனக்குப் பிடித்தது. அதோடு காதலை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். தமிழ்த் தொகைச்சொல்லில் கடைசியில் நிற்கும் சொல்லே பெரும்பாலும் முதன்மையானது. காதல் மிகுபுனைவு என்றால் அது மிகுபுனைவில் ஒரு வகை. திருப்பிப் போட்டால் காதலில் ஒரு வகை. ரொமான்டசி என்ற ஒட்டுச்சொல் இந்தக் கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறது. தமிழில் நழுவ வழியில்லை.

எனவே இரண்டு சொற்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. போர், அரசியல், மந்திர முறை எல்லாம் வலுவாக இருந்து காதல் அவற்றை நகர்த்தினால் காதல் மிகுபுனைவு. உலகம் பின்னணியாக இருந்து இருவரின் உறவே கதையானால் மாயவுலகக் காதல். இதில் மாயம் உலகத்தோடு ஒட்டிக்கொள்வதால் காதலின் மேல் பழி விழாது. கடைகளில் குவிவதில் பெரும்பகுதி இரண்டாவது வகைதான், அதனால் பொதுப்பெயராகவும் இதையே பரிந்துரைப்பேன். பெருவிரைவு ரயில் என்று எழுதிவிட்டு எம்ஆர்டி என்று பேசும் ஊரில், பேச்சில் ரொமான்டசிதான் நிலைக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை, எழுத்தில் ஒரு சொல் தயாராக இருந்தால் போதும்.

அக்கா மகளின் அடுத்த கேள்வி டிராகனுக்குத் தமிழ் என்ன என்பது. கடல்நாகம் என்று எழுதும் வழக்கம் இங்கே உண்டு. படகுப் போட்டிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அது சரி. இந்த நாவல்களிலோ அது நாயகியை முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்கு மேல் பறந்து நெருப்பைக் கக்குகிறது. டிராகன் என்றே சொல்லிவிடு என்றேன்.