டைமிங் பெல்ட் ‘நேரப் பட்டி’ ஆகுமா?

‘நேரப் பட்டியை உரிய நேரத்தில் மாற்றுங்கள்.’ அட்டனில் ஒரு கராஜின் சுவரில் ஒட்டியிருந்த இந்த வாசகத்தை இப்போது துண்டுப்பிரசுரங்களிலும் வாகன விளம்பரங்களிலும் ஓயாமல் பார்க்கிறேன். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டுக்கு, ‘டைம்’ என்றால் நேரம், ‘பெல்ட்’ என்றால் பட்டி என்று அகராதியில் எடுத்து ஒட்டிய சொல் இது. தமிழ் எழுத்தில் இருப்பதால் மட்டும் அது தமிழ்ச் சொல் ஆகிவிடாது.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பெல்ட்’ என்பதன் வேர் இலத்தீனின் ‘பால்தெயுஸ்’. வாளைத் தொங்கவிடும் தோல்வாருக்குப் பெயர் அது. ‘டைமிங்’, ‘டைம்’ என்பதிலிருந்து வந்தது. ஆனால் பொருள் நேரம் அல்ல, ஒன்று நிகழும்போது மற்றொன்றும் பொருந்தி நிகழ்தல். பற்களுள்ள இறப்பர் பெல்ட்டை இந்த வேலைக்குப் பெருமளவில் உற்பத்தியான காரில் முதலில் பொருத்தியது ஜேர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1962 அளவில்.

அது செய்யும் வேலை என்ன? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுசேர்க்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு விலகியிருக்க வேண்டும். பெல்ட் ஒரு பல் தவறினாலே இந்த இசைவு குலைகிறது. அறுந்தால், பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வை வளைத்துவிடும். இங்கே நேரம் எங்கே இருக்கிறது? மணிக்கூடும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. இருப்பது இசைவு.

சொல் தவறினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. குடி முழுகாது, எஞ்சின் முழுகும். ‘நேரப் பட்டி’ என்று படித்தவர், காலம் காட்டும் ஏதோ ஒன்று, காலம் முடிந்தால் தானே தெரியும் என்று எண்ணிக்கொள்கிறார். டொயோட்டா டொல்பின் வான்களின் முன் பலகையில் ‘டி-பெல்ட்’ என்ற விளக்கு இருக்கிறது. அது எரியாதவரை பெல்ட் நன்றாக இருக்கிறது என்று நம்பும் சாரதிகளை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விளக்கு பெல்ட்டைப் பார்ப்பதே இல்லை. 100,000 கிலோமீற்றர் ஓடியதை எண்ணி எரிகிறது, அவ்வளவுதான். ஓடிய தூரம் காட்டும் மீற்றரைக் குறைத்து விற்ற வானில் அதற்கு என்ன மதிப்பு?

மலைநாட்டில் கிலோமீற்றர் எண்ணிக்கை இன்னும் ஏமாற்றும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு றம்பொடை வழியாகக் கீழ்க் கியரில் ஏறும் வானின் எஞ்சின், சமவெளியில் அதே தூரம் ஓடுவதைவிட மிக அதிகம் சுழல்கிறது. ஓடாமல் நின்றாலும் இறப்பர் முதுமையடையும். கேம் அல்லது கிராங் ஷாஃப்ட்டில் எண்ணெயை அடைத்துவைக்கும் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து பெல்ட்டில் பட்டால் கணக்கெல்லாம் வீண். உடனே மாற்ற வேண்டும். பற்களின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், பளபளத்த முதுகு ஆகியவற்றை மேல்மூடியைக் கழற்றினால் பார்க்கலாம். அவை இல்லாததாலேயே பெல்ட் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத ரீகண்டிஷன் வாகனம் என்றால் வாங்கியதும் மாற்றிவிடுவதே சரி. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்தப் பெல்ட்டே சுழற்றும் வாகனமானால் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்தே மாற்றவேண்டும். விசிறி பெல்ட் கீச்சிட்டு எச்சரிக்கும். இது பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடும்.

இனி ‘பட்டி’. நம் தோட்டங்களில் பட்டி என்றால் மாடு கட்டுமிடம். ‘ஆசனப் பட்டி’ நிலைத்துவிட்டது, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் இழுத்து இறுக்கி விசையைக் கடத்துவதற்குத் தமிழில் ‘வார்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. மத்தளத்தை இறுக்குவதும் வார்தான். அதைக் கைவிட்டு ஏன் பட்டியைத் தேடிப் போகவேண்டும்?

இன்னொரு தரப்பினர் ‘நேரக் கட்டுப்பாட்டுப் பட்டி’ என்று நீட்டுகிறார்கள். தவறான சொல்லுக்குச் சில அசைகள் கூடினால் அது திருந்திவிடாது. அதே வழியில் போனால் டொயோட்டா விட்ஸில் இருக்கும் சங்கிலி ‘நேரச் சங்கிலி’ ஆகும். மாருதி 800இல் பெல்ட், விட்ஸில் சங்கிலி. இரண்டும் செய்யும் வேலை ஒன்று. ‘இசைவு வார்’, ‘இசைவுச் சங்கிலி’ என்றால் வேலையும் விளங்கும், வேறுபாடும் விளங்கும். பள்ளிப் பிள்ளைக்குக்கூட ‘எதோடு எது இசைய வேண்டும்?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை எழுப்புகிற சொல்லே நல்ல கலைச்சொல்.

இது வேண்டாம் என்பவர்கள் ‘டைமிங் பெல்ட்’ என்றே எழுதட்டும். எந்தக் கராஜிலும் விளங்கும் அந்தச் சொல், பொய்யான தமிழைவிட மேல். எஞ்சின் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் துண்டுப்பிரசுரம் பெயர்ப்பவர்களிடம் எனக்கு இருக்கும் கோபம் இதனால்தான். அந்தச் சுவர் வாசகத்தை மாற்றச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: ‘இசைவு வார் (டைமிங் பெல்ட்) மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். எண்ணெய்க் கசிவு கண்டால் காத்திருக்க வேண்டாம்.’