புகையாத கரிதான் ஆளைக் கொல்கிறது

மார்கழி பிறந்துவிட்டால் மூணாறு பக்கம் எங்கள் காஷுவால்ட்டிக்கு இந்தக் கேஸ் தவறாமல் வந்துவிடுகிறது. ஒரே அறையில் படுத்த நாலு பேருக்கும் தலைவலி, வாந்தி. சுற்றுலா வந்தவர்கள் என்றால் "மலை ஏறினது ஒத்துக்கல" என்பார்கள்; இல்லையென்றால் ராத்திரி சாப்பிட்ட பரோட்டா மேல் பழி. அறையில் கரி வைத்தீர்களா என்று கேட்ட பிறகுதான் வரும்: "வச்சோம் டாக்டர், ஆனா புகையவே இல்லையே!" புகையாவிட்டாலும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கக்கும்.

போன வாரம் ஒரு லயத்து வீட்டிலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிள்ளை பெற்ற பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாதென்று பாட்டி கட்டிலுக்கடியில் கங்குச் சட்டியை வைத்து, ஜன்னல் இடுக்கில் பழந்துணியையும் திணித்திருக்கிறார். பெண் கிறங்கிக் கிடக்க, கோவிட் சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98. நல்லாத்தானே இருக்கு என்று விடியும்வரை விட்டுவிட்டார்கள். அந்தக் கருவிக்கு ரத்தத்தின் நிறம்தான் தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் பிடித்திருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அதற்குத் தெரியாது. தாயும் பிள்ளையும் தேறிவிட்டார்கள்.

"கரி ஆக்சிஜனைத் தின்னுடும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சா போதும்" என்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போகிறது. ஆக்சிஜன் தீர்வதல்ல பிரச்சினை. அது கிட்டத்தட்ட முழு 21 விழுக்காடும் இருக்கிற அறையிலேயே ஆள் சாகலாம். மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். காற்றில் வெறும் 0.1 விழுக்காடு இருந்தால் போதும், சில மணி நேரத்தில் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய பாதி அதன் வசம்.

காற்றில் ஐந்தில் நாலு பங்கு இருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மோனாக்சைடுக்கும் இரண்டே அணு, 14 எலக்ட்ரான், மூலக்கூறு எடை 28, நடுவில் முப்பிணைப்பு. ஆனால் நைட்ரஜனை ஆயுசு பூராவும் சுவாசிக்கிறோம். மோனாக்சைடிலோ கார்பன் முனையில் ஒரு ஜோடி எலக்ட்ரான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஹீமோகுளோபினின் ஹீம் என்ற பகுதியின் நடுவிலுள்ள இரும்புக்கு அதைக் கொடுத்து ஒட்டிக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடில் கார்பனுக்கு இருபுறமும் ஆக்சிஜன், ஒரே நேர்கோடு. கொடுக்க கார்பனிடம் ஜோடி மிச்சமில்லை, இரும்பை அது தொடாது.

புகை அடங்கி, கங்கு செக்கச்செவேலென்று கனிந்தபின் உள்ளே கொண்டுவரலாம் என்பதும் தப்பு. அடியில் உண்டாகும் டை ஆக்சைடு, கனன்ற கரியைக் கடந்து மேலே வரும்போது மோனாக்சைடாக மாறிவிடுகிறது. நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது. மூக்கை நம்பி என்ன செய்வீர்கள்?

கரிச்சட்டி, பார்பிக்யூ அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் படுக்கும் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வேண்டாம். காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் இதே வேலையைச் செய்யும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களே, விருந்தாளி கேட்டால் இன்னொரு கம்பளி கொடுங்கள், கரி கொடுக்காதீர்கள். பாட்டிமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளைத்தாய்ச்சி அறையிலும் பிள்ளை பெற்றவள் அறையிலும் கணப்பு வேண்டவே வேண்டாம். வயிற்றுப் பிள்ளையைத்தான் இது அதிகம் தாக்கும்.

ஒரே வீட்டில் ரெண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். சட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் கரி வைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி எங்களோடு சண்டை போடாதீர்கள்: சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள மோனாக்சைடு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம், முழு ஆக்சிஜனில் ஒன்றரை மணிக்குள்.